ஸ்டூடியோக்காரர் எல்லா இடத்திலும் இருந்தார்

ஒரு படத்திலிருந்து தொடங்குகிறேன், நீங்களும் எங்காவது பார்த்திருப்பீர்கள். தெருவை அடைத்துக்கொண்டு வரிசையாக நிற்கும் கறுப்பின ஆண்கள், தோளோடு தோள் ஒட்டி, ஒவ்வொருவர் நெஞ்சுக்கு முன்னாலும் ஒரே வாசகம் அச்சடித்த வெள்ளை அட்டை: 'ஐ ஆம் எ மேன்'. அதில் 'ஆம்' என்ற சொல்லுக்கு மட்டும் அடிக்கோடு. தமிழில் இதை 'நான் மனிதன்' என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள், ஆனால் அந்த அடிக்கோட்டைத் தமிழுக்குக் கொண்டுவர ஒரு 'தான்' வேண்டும். நான் மனிதன்தான். பேரன் பேத்தி எடுத்தவரையும் வெள்ளைக்கார மேஸ்திரி 'பாய்' என்று கூப்பிடுகிற ஊர் அது, நம் காதுக்கு 'டேய் பையா' என்றுதான் விழும். அதற்கு எழுதிப் பிடித்த பதில்தான் அந்த அட்டை.

நாள் 1968 மார்ச் 28. ஊர் மெம்பிஸ், டென்னசி மாநிலம், மிசிசிப்பி ஆற்றங்கரை. நிற்பவர்கள் நகராட்சித் துப்புரவுத் தொழிலாளர்கள். நிற்கும் இடம் கிளேபார்ன் டெம்பிள் என்ற தேவாலயத்துக்கு வெளியே. படமெடுத்தவர் எர்னஸ்ட் விதர்ஸ், அதே ஊரில் பீல் தெருவில் ஸ்டூடியோ வைத்திருந்தவர். அட்டைகளைத் தூக்கிப் பிடிக்கக் குச்சி தேவைப்பட்டபோது வாடகைக்கு ரம்பம் எடுத்து மரம் அறுத்தவர்களில் தானும் ஒருவன் என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். அவர் 2007-இல் இறந்தார். மூன்று வருடம் கழித்து, 2010 செப்டம்பரில், உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று வேறொரு செய்தியை வெளியிட்டது: அந்த நாட்களில் விதர்ஸ் அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யிடம் காசு வாங்கிக்கொண்டு தகவல் கொடுத்துக்கொண்டிருந்தார்.

குச்சி அறுத்த கையும் காசு வாங்கிய கையும் ஒரே ஆளுடையதா என்று முதலில் படித்தபோது குழப்பமாகத்தான் இருந்தது. அப்புறம் அவர் தொழிலை எப்படி நடத்தினார் என்று பார்க்கப் பார்க்கக் குழப்பம் விலகுகிறது, அந்த இடத்தில் அதைவிடச் சங்கடமான ஒன்று வந்து உட்கார்ந்துகொள்கிறது.

விதர்ஸ் 1922-இல் மெம்பிஸில் பிறந்தவர். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிஸின் மனைவி அங்கே வந்திருக்கிறார்; சகோதரியிடமிருந்து கைக்கு வந்த ஒரு கேமராவோடு கூட்டத்தைத் தாண்டி முன்னால் போய்ப் படமெடுத்துவிட்டான் பையன். இரண்டாம் உலகப் போரில் ராணுவமே அவருக்குப் புகைப்படத் தொழிலைக் கற்றுக்கொடுத்து, பசிபிக்கில் சைபான் தீவுக்கு அனுப்பியது. அங்கேயும் சும்மா இருக்கவில்லை, சிப்பாய்கள் வீட்டுக்கு அனுப்பப் படம் எடுத்துக் கொடுத்துக் கையில் காசு பார்த்தார். ஊர் திரும்பி, 1948-இல் மெம்பிஸ் காவல்துறை கறுப்பினத்தவர் 9 பேரைச் சேர்த்தபோது அதில் ஒருவரானார், பீல் தெருவில் ரோந்து போனார். 1951-இல் கள்ளத்தனமான மது விற்பனையில் பங்கு என்று குற்றம் சாட்டி வேலையிலிருந்து அனுப்பினார்கள். போலீஸ் வேலை போனதும் கேமராதான் முழுநேரப் பிழைப்பு. வீட்டில் கடைசியில் எட்டுப் பிள்ளைகள்.

இந்த 'எட்டுப் பிள்ளைகள்' என்பதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். கறுப்பின வாழ்க்கையைப் படமெடுத்த கலைஞர் என்று இன்றைக்கு அருங்காட்சியகச் சுவர்களில் அவரைப் பற்றி எழுதுகிறார்கள், எழுதட்டும், ஆனால் அவர் தினமும் காலையில் எழுந்து செய்தது கலை அல்ல, கூலிக்குப் படம் பிடிப்பது. கல்யாணம், ஞானஸ்நானம், பட்டமளிப்பு, தேவாலயப் பாடகர் குழு, அழகிப் போட்டி, சாவு வீடு. மெம்பிஸ் ரெட் சாக்ஸ் என்று கறுப்பினத்தவருக்கான பேஸ்பால் அணி ஒன்று இருந்தது, அதன் ஆட்டக்காரர்களை வரிசையாக நிறுத்திப் படமெடுத்தவரும் இவர்தான். நகரத்தின் வெள்ளையர் நாளிதழ்கள் கறுப்பினத்தவர் ஏதாவது குற்றத்தில் மாட்டினால் ஒழிய அவர்கள் முகத்தைப் போடுவது அபூர்வம். கல்யாணமோ கருமாதியோ வீட்டுக்காரரே காசு கொடுத்து எடுத்து வைத்தால்தான் உண்டு. அதுபோக டிரை-ஸ்டேட் டிஃபெண்டர், சிகாகோ டிஃபெண்டர், ஜெட் மாதிரியான கறுப்பினப் பத்திரிகைகளுக்கு அனுப்புவார். அவை கொடுப்பது கொஞ்சம்தான்.

இரவானால் கிளப்புகள். பீல் தெருவில் கிளப் ஹேண்டி என்று ஒன்று, சன்பீம் மிட்செல் என்பவர் நடத்தியது, மேலேயே தங்கும் அறைகளும் உண்டு. பாட வருகிற கறுப்பினக் கலைஞர்களுக்கு வெள்ளையர் ஹோட்டல்களில் இடம் கிடைக்காது, அதனால் பாடும் இடமும் படுக்கும் இடமும் பக்கத்தில் பக்கத்தில். விதர்ஸ் உள்ளே போய் மேடையைக் கொஞ்சமும் மேசைகளை நிறையவும் எடுப்பார். ஏனென்றால் மேடையில் இருப்பவர் படம் வாங்கமாட்டார், மேசையில் ஜோடியாக உட்கார்ந்திருப்பவர்தான் வாங்குவார். எடுத்த சூட்டோடு ஓடிப்போய்க் கழுவி, அச்செடுத்து, கூட்டம் கலைவதற்குள் திரும்பி வந்து விற்றுவிட வேண்டும். இப்படிப் பிழைப்புக்காக எடுத்ததில்தான் இளம் வயது பி.பி. கிங், ஹவ்லின் வுல்ஃப், டீனா டர்னர், ரூஃபஸ் தாமஸ், பின்னால் ஸ்டாக்ஸ் இசை நிறுவனத்தின் ஐசக் ஹேய்ஸ் என்று ஒரு காலகட்டத்தின் இசையே நமக்குக் கிடைத்திருக்கிறது. என்னைக் கேட்டால் பாடகர்களைவிட அந்த மேசைக்காரர்கள்தான் பார்க்க வேண்டியவர்கள். நாள் முழுக்க யாரோ ஒருவருக்கு 'எஸ் சார்' சொல்லிவிட்டு, சனிக்கிழமை ராத்திரி நல்ல கோட்டு போட்டு, நல்ல தொப்பி வைத்து, காசு கொடுத்துத் தன்னைப் படமெடுக்கச் சொன்ன ஜனங்கள்.

எல்விஸ் பிரெஸ்லியும் பி.பி. கிங்கும் சேர்ந்து நிற்கும் படம் உலகப் புகழ் பெற்றது. அது 1956 டிசம்பரில், டபிள்யூ.டி.ஐ.ஏ. வானொலி ஆண்டுதோறும் நடத்திய நன்கொடை நிகழ்ச்சியின் மேடைக்குப் பின்னால் எடுத்தது. அந்த வானொலி நிலையத்தைப் பற்றி ஒரு வார்த்தை: முதலாளிகள் வெள்ளையர், ஆனால் பேசுவோர் பாடுவோர் எல்லாரும் கறுப்பினத்தவர், முழு ஒலிபரப்பும் கறுப்பின மக்களுக்கு, அமெரிக்காவில் அப்படி மாறிய முதல் நிலையம் அது. பேருந்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்காரக்கூடாத ஒரு ஊரில், வெள்ளைக்கார எல்விஸும் கறுப்பினக் கிங்கும் சிரித்துக்கொண்டு ஒட்டி நிற்கிறார்கள். படத்தைப் பார்த்து இன்றைக்கு நாம் சந்தோஷப்படுகிறோம், சரி. ஆனால் அதே ஆண்டுகளில் விதர்ஸ் எடுத்த இன்னொன்றும் இருக்கிறது: மெம்பிஸ் உயிரியல் பூங்காவின் அறிவிப்புப் பலகை, 'இன்று வெள்ளையருக்கு அனுமதி இல்லை' என்று. முதல் பார்வைக்குத் தலைகீழாகத் தெரியும். வாரத்தில் ஒரே ஒரு நாள் கறுப்பினத்தவருக்கு, அன்றைக்கு மட்டும் அந்தப் பலகை. மற்ற ஆறு நாளுக்குப் பலகையே தேவைப்படவில்லை, எல்லாருக்கும் தெரிந்ததுதானே.

இசைப் படமும் பேஸ்பால் படமும் போராட்டப் படமும் தனித்தனிப் பிரிவுகள் என்பது பின்னால் வந்த கண்காட்சிக்காரர்களின் ஏற்பாடு. எடுத்தவருக்கு அது ஒரே வாரத்து வேலை.

1955 செப்டம்பர், மிசிசிப்பியில் சம்னர் என்ற சிற்றூர். சிகாகோவிலிருந்து உறவினர் வீட்டுக்கு வந்திருந்த எம்மெட் டில் என்ற 14 வயதுப் பையனை, ஒரு வெள்ளைக்காரப் பெண்ணிடம் மரியாதைக் குறைவாக நடந்தான் என்று சொல்லி ராத்திரியில் தூக்கிக்கொண்டுபோய்க் கொன்று ஆற்றில் போட்டிருந்தார்கள். வழக்கு விசாரணைக்கு வந்த கறுப்பினச் செய்தியாளர்களை நீதிமன்றத்தில் ஓரமாக ஒரு சீட்டாட்ட மேசையில் உட்காரவைத்தார்கள். விசாரணை நடக்கும்போது படமெடுக்கத் தடை. பையனின் உறவினர் மோஸ் ரைட், 64 வயது, பருத்தி விவசாயி, சாட்சிக் கூண்டில் எழுந்து நின்று, கையை முழுக்க நீட்டி, பையனைத் தூக்கிப் போனவர்களை அடையாளம் காட்டினார். ஒரு கறுப்பினத்தவர் மிசிசிப்பி நீதிமன்றத்தில் வெள்ளைக்காரனைப் பார்த்து விரல் நீட்டுவது என்றால் அதற்குப் பிறகு அந்த ஊரில் அவர் இருக்க முடியாது. இருக்கவும் இல்லை, சிகாகோவுக்குப் போய்விட்டார். அந்த நொடியின் படம் இருக்கிறது, விதர்ஸ் பெயரில்தான் அறியப்படுகிறது. சொரசொரப்பான படம். திருட்டுத்தனமாக எடுத்தது அப்படித்தான் இருக்கும். தீர்ப்புச் சொன்ன ஜூரிகள் அத்தனை பேரும் வெள்ளையர், அத்தனை பேரும் ஆண்கள், ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலே எடுத்துக்கொண்டு குற்றவாளிகளை விடுதலை செய்துவிட்டார்கள். விதர்ஸ் ஊருக்கு வந்து, எடுத்த படங்களையெல்லாம் தொகுத்துத் தன் செலவில் சிறு புத்தகமாக அச்சடித்து, பிரதி ஒரு டாலருக்கு விற்றார்.

நியாயத்துக்காகவா, வியாபாரத்துக்காகவா? இரண்டுக்கும்தான், இதில் எனக்கு எந்தச் சங்கடமும் இல்லை. அந்த ஒரு டாலர் இல்லாமல் அவர் அடுத்த ஊருக்கு பெட்ரோல் போட்டிருக்க முடியாது. அடுத்த ஊர்கள் நிறைய வந்தன. 1956 டிசம்பரில் மாண்ட்கோமரி, பேருந்தில் இனப் பாகுபாட்டை எதிர்த்து நடந்த புறக்கணிப்பு வென்றபின் மார்ட்டின் லூதர் கிங்கும் அவர் சகா ரால்ஃப் அபர்னதியும் பேருந்தில் உட்கார்ந்து போகிற படம். 1957-இல் லிட்டில் ராக், வெள்ளையர் பள்ளியில் கறுப்பின மாணவர்கள் சேர்ந்தபோது. 1963-இல் ஜாக்சன், சுட்டுக் கொல்லப்பட்ட உரிமைப் போராளி மெட்கர் எவர்ஸின் இறுதி ஊர்வலம். அங்கே போலீஸ் விதர்ஸை அடித்து உள்ளே தள்ளியது.

இப்போது திரும்ப 1968.

பிப்ரவரி 1, மழை. எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்ற இரண்டு துப்புரவுத் தொழிலாளர்கள் குப்பை லாரியின் பின்பக்கத்தில் ஒதுங்கியிருந்தார்கள். குப்பையை நசுக்கும் இயந்திரம் தானாக ஓட ஆரம்பித்து இருவரையும் உள்ளே இழுத்து நசுக்கிவிட்டது. பழுதான பழைய லாரிகள் பற்றித் தொழிலாளர்கள் முன்பே புகார் சொல்லியிருந்தார்கள். முழு நேரம் உழைத்தும் அரசு உதவியில் சோறு சாப்பிட வேண்டிய கூலி வேறு. பிப்ரவரி 12-ஆம் தேதி சுமார் 1,300 பேர் வேலைக்குப் போகவில்லை. மேயர் ஹென்றி லோப் வேலைநிறுத்தமே சட்டவிரோதம் என்று சொல்லிவிட்டார். போராட்டத்தை வழிநடத்திய மதபோதகர் ஜேம்ஸ் லாசன், 1950-களில் நாக்பூரில் தங்கிக் காந்தியின் முறைகளைப் படித்துவிட்டுப் போனவர். கூட்டம் ஒன்றில் அவர், இனவெறியின் அடிப்படையே ஒரு மனிதனை மனிதன் இல்லை என்று நினைப்பதுதான் என்று பேசினார். அட்டையின் வாசகத்துக்கு அந்தப் பேச்சை மூலமாகச் சொல்வார்கள். கிங்கை மெம்பிஸுக்கு அழைத்ததும் லாசன்தான்.

மார்ச் 28 ஊர்வலத்துக்கு முன்னால் எடுத்ததுதான் நாம் முதலில் பார்த்த படம். இன்னொரு தடவை பாருங்கள். போராட்டப் படம் என்றால் நமக்குப் பழக்கமான ஓட்டமும் கூச்சலும் உயர்ந்த கைகளும் இதில் இல்லை. இது குரூப் போட்டோ. பேஸ்பால் அணி, பாடகர் குழு, பட்டம் வாங்கிய வகுப்பு, பி.பி. கிங்கின் வாத்தியக்காரர்கள் தங்கள் பேருந்துக்கு முன்னால் அணிவகுத்து நிற்பது என்று வாழ்நாள் முழுக்க ஆட்களை வரிசையாக நிறுத்திப் படமெடுத்தவருடைய கண் இது. முன்னால் தெரு காலியாகக் கிடக்கிறது, அட்டைகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே வெள்ளைப் பட்டையாகிவிட்டன. பத்திரிகைக்காரர் ஒருவர் வெளியூரிலிருந்து வந்து எடுத்திருந்தால் கலவரத்துக்காகக் காத்திருந்திருப்பார். ஸ்டூடியோக்காரர் அணி நிற்கும்போது எடுத்துவிட்டார்.

கலவரமும் வந்தது. ஊர்வலம் பீல் தெருவில் போகும்போதே, விதர்ஸும் சேர்ந்து அறுத்த அந்தக் குச்சிகளாலேயே கடைக் கண்ணாடிகளைச் சிலர் உடைத்தார்கள். போலீஸ் பாய்ந்தது. அன்று மாலைக்குள் லாரி பெய்ன் என்ற 16 வயதுப் பையன் போலீஸ் துப்பாக்கிக்கு இறந்திருந்தான். திறந்த சவப்பெட்டியோடு நடந்த அவன் இறுதிச் சடங்கையும் விதர்ஸ் எடுத்தார். தடைப்பட்டுப்போன ஊர்வலத்தை ஒழுங்காக நடத்திக் காட்டத்தான் கிங் மறுபடி மெம்பிஸுக்கு வந்தார், ஏப்ரல் 4 மாலை லொரெய்ன் மோட்டலின் மாடி வராந்தாவில் சுடப்பட்டார்.

அந்த வராந்தாப் படத்தை எடுத்தவர் விதர்ஸ் அல்ல, ஜோசப் லாவ் என்ற தென்னாப்பிரிக்கர். விழுந்து கிடக்கிறார் கிங், பக்கத்தில் நிற்பவர்கள் குண்டு வந்த திசையை நோக்கிக் கை நீட்டுகிறார்கள், ஒருவர் மட்டும் கிங்கின் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்திருக்கிறார். அப்படி உட்கார்ந்திருப்பவர் இன்வேடர்ஸ் என்ற மெம்பிஸ் இளைஞர் குழுவுக்குள் ஊடுருவியிருந்த ரகசியப் போலீஸ்காரர். இது பிற்பாடு நாடாளுமன்ற விசாரணையில் வெளிவந்தது. லாவின் ஃபிலிமை அன்றிரவு கழுவியது பீல் தெருவில் விதர்ஸின் இருட்டறையில். விதர்ஸோ எஃப்.பி.ஐ.யின் ஆள். அந்த நூற்றாண்டின் மிகத் துக்கமான படங்களில் ஒன்று, படத்துக்குள்ளே ஒரு உளவாளி, கழுவும் தொட்டிக்கு முன்னால் இன்னொருவர். சினிமாவில் வைத்தால் நம்பமாட்டோம்.

எஃப்.பி.ஐ. விஷயம் வெளியானது ஒரு குமாஸ்தாத் தவறால். விதர்ஸ் 1970-களில் மாநில மது விற்பனைக் கட்டுப்பாட்டுத் துறையில் வேலை பார்த்தார், அங்கே லஞ்ச வழக்கில் மாட்டிக் குற்றத்தை ஒப்புக்கொண்டவர். அந்த விசாரணைக் கோப்பைத் தகவல் சுதந்திரச் சட்டத்தின்கீழ் கேட்டு வாங்கியபோது, மறைக்க வேண்டிய ஒரு வரியை மறைக்க மறந்திருந்தார்கள்: முன்னாள் தகவலாளி எண் எம்.இ. 338-ஆர். எம்.இ. என்றால் மெம்பிஸ், ஆர் என்றால் 'ரேசியல்', இன விவகாரம். கமர்ஷியல் அப்பீல் நாளிதழின் மார்க் பெருஸ்கியா அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு மற்ற கோப்புகளில் தேடினார். பத்திரிகை வழக்குப் போட்டது, 2013-இல் எஃப்.பி.ஐ. ஆவணங்களைக் கொடுத்து, வழக்குச் செலவுக்கு 186,000 டாலரும் கொடுக்க ஒப்புக்கொண்டது. 1958 முதல் 1972 வரை விதர்ஸுக்குக் கிடைத்தது மொத்தம் சுமார் 20,000 டாலர். பதினாலு வருடத்துக்குப் பிரித்துப் பாருங்கள், மாதம் 120 டாலர்கூட வரவில்லை. கிளப் மேசைகளில் விற்ற படங்களுக்குப் பக்கத்தில் வைக்கக்கூடிய தொகை, ஒரு வாடிக்கையாளர் மாதிரி.

கொடுத்தது என்ன? படங்கள், பெயர்கள், முகவரிகள், கார் எண்கள், எந்தக் கூட்டத்துக்கு யார் வந்தார்கள், யாரோடு யார் சண்டை. எஃப்.பி.ஐ. 1967-இல் கறுப்பின இயக்கங்களைக் குலைப்பதற்கென்றே தனித் திட்டம் தொடங்கியிருந்தது, அதற்கு மெம்பிஸ் தேவாலயக் கூட்டங்களில் கோட்டு சூட்டு போட்ட வெள்ளைக்கார ஏஜெண்டை உட்காரவைக்க முடியாது. ஸ்டூடியோக்காரரை யாரும் ஏன் வந்தாய் என்று கேட்கமாட்டார்கள். வராவிட்டால்தான் கேட்பார்கள்.

செய்தி வந்தபோது கிங்கோடு கூட இருந்த ஆண்ட்ரூ யங், எங்கள் இயக்கத்தில் ஒளித்து வைக்க ஒன்றுமே இல்லை, அதனால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்கிற மாதிரிப் பேசினார். நகைச்சுவைக் கலைஞரும் போராளியுமான டிக் கிரிகோரி, யூதாஸ் என்றார். எனக்கு யங்கின் பெருந்தன்மை பிடித்திருந்தாலும் அது மேலே இருந்தவருடைய கணக்கு என்று தோன்றுகிறது. கிங்கை வேவு பார்க்க எஃப்.பி.ஐ.க்கு ஒட்டுக்கேட்கும் கருவிகள் முதல் ஆயிரம் வழி இருந்தது, விதர்ஸ் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. ஆனால் இன்வேடர்ஸ் குழுவின் இருபது வயதுப் பையன்கள், வேலைநிறுத்தத்துக்கு ஆதரவாக வந்த உள்ளூர்க் குருமார்கள், ஒரு கூட்டத்துக்கு மட்டும் எட்டிப்பார்த்த மாணவர்கள், இவர்களின் முகத்துக்குப் பெயர் வைக்க உள்ளூர் ஆள்தான் வேண்டும். பெயர் கோப்பில் ஏறினால் என்ன ஆகும் என்று அவர்களிடம் யாரும் கேட்டுவிட்டு ஏற்றவில்லை.

உயிரோடு இருந்தபோது ஒரு பேட்டியில் விதர்ஸே லேசாகச் சொல்லிவைத்திருக்கிறார்: எஃப்.பி.ஐ.க்காரர்கள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டும் கேட்டுக்கொண்டும் இருப்பார்கள், அதனால் பெரிய ரகசியங்கள் பேசும் இடத்துக்கே நான் போவதில்லை என்று. அன்றைக்கு அதைப் படித்தவர்கள் அவர் தப்பித்துக்கொண்டதாகப் புரிந்துகொண்டார்கள். இன்று படித்தால், கேட்டால் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் இருந்தவரின் பேச்சாகத் தெரிகிறது. ஒரு தடவை போலீஸ் வேலை பார்த்தவர், சிறு சிறு சட்டவிரோதங்களில் கால் வைத்தவர், எட்டுப் பிள்ளைக்காரர். ஏஜெண்டிடம் முடியாது என்று சொல்வது எவ்வளவு சுலபம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அதற்காகச் செய்தது சின்ன விஷயமாகிவிடாது.

அவர் விட்டுப்போனது பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட நெகட்டிவ்கள் என்று மதிப்பிடுகிறார்கள். பீல் தெருவில் குடும்பத்தார் நடத்தும் அருங்காட்சியகம் 2011 முதல் இருக்கிறது, பெரும்பாலான நெகட்டிவ்கள் இன்னும் யாரும் பார்க்காதவை. கிளேபார்ன் டெம்பிள் 2025 ஏப்ரல் 28 அதிகாலையில் தீப்பிடித்து இடிந்துவிட்டது. அதைச் சீரமைக்கும் வேலை அப்போதுதான் நடந்துகொண்டிருந்தது.

படத்தில் வரிசையில் நிற்பவர்களில் சிலர் நேராகக் கேமராவைப் பார்க்கிறார்கள். கலவரம் வரலாம், போலீஸ் வரலாம் என்று தெரிந்த காலைப்பொழுது, ஆனாலும் அந்தப் பார்வையில் பயம் இல்லை, யாருடா இவன் என்ற சந்தேகமும் இல்லை. யாரென்று தெரியும். நம்ம எர்னஸ்ட், பீல் தெரு ஸ்டூடியோக்காரர்.